எந்த மிக்கியைப் போடுவது? பழைய கார்ட்டூனும் புதிய குறும்படங்களும்: ஓர் ஒப்பீடு

பள்ளி விடுமுறை விட்டால் போதும், புதுச்சேரியில் எனக்குத் தெரிந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். இந்த முறை மூன்று பக்கத்திலிருந்து வந்தது. லாஸ்பேட்டையில் இருக்கும் தோழிக்கு நான்கு வயதில் மகள், ஒன்பது வயதில் மகன். அவர்களோடு மாமியாரும் அதே டிவி முன்னால்தான். ரிமோட் சண்டை வராமல் மூன்று பேரும் பார்க்கிற மாதிரி எந்த மிக்கி மவுஸ் கார்ட்டூனைப் போடலாம் என்று கேட்டாள். முத்தியால்பேட்டைத் தம்பிகள் சிலர் தெருப் பிள்ளைகளுக்காக மொட்டைமாடியில் ஒரு சாயங்காலம் கார்ட்டூன் போடப் போகிறார்கள். பழசா புதுசா என்று அவர்களுக்குள்ளேயே இழுபறி. மூன்றாவது கூட்டம் டிஸ்னி சேனலைத் தமிழில் பார்த்து வளர்ந்த ரசிகர்கள். 2013-இல் தொடங்கிய புதிய மிக்கி குறும்படங்களைப் பார்த்து, "இது மிக்கியே இல்லை" என்று கோபப்படுகிறவர்கள். தங்கள் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டலாமா வேண்டாமா என்பதில் அவர்களுக்கு முடிவு வரவில்லை.

மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் அந்த மூன்றாவது கூட்டத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. புதிய குறும்படங்களில் வரும் குறும்புக்கார மிக்கிதான் 1928-இல் பிறந்த மிக்கிக்கு மிக நெருக்கமானவன். நாம் சின்ன வயதில் பார்த்த சாதுவான மிக்கி இடையில் உருவாக்கப்பட்டவன். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே நான் ஏன் இப்படி எடை போடுகிறேன் என்பது விளங்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், பேச்சு இல்லாமல் புரிகிறதா என்பது. தமிழ் ஒலித்தடம் எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லை. ஆங்கிலம் தெரியாத பாட்டியும் இன்னும் பள்ளிக்கூடமே போகாத குழந்தையும் சேர்ந்து சிரிக்க வேண்டுமானால், கை, கால், கண் அசைவிலேயே கதை நகர வேண்டும்.

இரண்டாவது, வயது. ஒரே வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எதைப் போட்டாலும் ஓடும். நான்கும் ஒன்பதும் அறுபதும் ஒன்றாக உட்காரும் வீட்டில்தான் தேர்வு கடினம்.

மூன்றாவது, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமா? சமைத்துக்கொண்டே போட்டுவிட்டுப் போகலாமா? பழைய படங்களில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.

நான்காவது நீளம். "இது முடிஞ்சதும் நிறுத்தணும்" என்று சொன்னால் அந்த "முடிவு" சீக்கிரம் வர வேண்டும்.

கடைசியாகச் செலவு. சந்தாப் பணம் மட்டும் செலவல்ல. விளம்பரம், ஆட்டோபிளே, இரண்டாவது பிள்ளையின் சலிப்பு எல்லாம் இதில் சேரும்.

## 1928 முதல் 1934 வரை: கறுப்பு வெள்ளை மிக்கி

'ஸ்டீம்போட் வில்லி' 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் திரையிடப்பட்டது. டிஸ்னி நிறுவனம் மிக்கியின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் சேர்ந்து உருவாக்கிய எலி. வரைந்ததில் பெரும்பங்கு ஐவர்க்ஸுடையது, குரல் டிஸ்னியுடையது.

ஏழெட்டு நிமிடப் படம். அதில் மிக்கி என்ன செய்கிறான் என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓர் ஆடு இசைத்தாளைத் தின்றுவிடுகிறது. மின்னி அதன் வாலைப் பிடித்துச் சுற்றுகிறாள், ஆட்டின் வாயிலிருந்து பாட்டு வருகிறது. மிக்கி பூனையின் வாலை இழுத்துக் கத்த வைத்துத் தாளம் சேர்க்கிறான், வாத்தைப் பிடித்து அமுக்குகிறான், பசுவின் பற்களைத் தட்டி வாசிக்கிறான். தாய்ப்பன்றியிடம் பால் குடித்துக்கொண்டிருக்கும் குட்டிகளை இழுத்து இசைக்கும் பகுதியைப் பின்னாளில் பல ஆண்டுகள் வெட்டிவிட்டே காட்டினார்கள். இதுதான் அசல் மிக்கி. அடங்காதவன், கையில் கிடைப்பதையெல்லாம் விளையாட்டாக்குகிறவன்.

பேச்சு கிட்டத்தட்ட இல்லை என்பதால் முதல் அளவுகோலில் இவை முழு மதிப்பெண் வாங்கும். வயது கலந்த கூட்டத்துக்கும் சரி, முதல் இரண்டு நிமிடம் "கலர் இல்லையா?" என்று கேட்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு கேட்பதில்லை.

மறைமுகச் செலவு பெரியவரின் நேரம்தான். 'தி கேலப்பின் கௌச்சோ'வில் மிக்கி புகை பிடிப்பான், குடிப்பான். 'பிளேன் கிரேஸி'யில் மின்னிக்கு வலுக்கட்டாயமாக முத்தம் கொடுக்கப் போவான், அவள் விமானத்திலிருந்தே குதித்துவிடுவாள். 1933-இல் வந்த 'மிக்கீஸ் மெல்லர்டிராமர்' போன்றவற்றில் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் முகப்பூச்சு வருகிறது. அந்தக் காலத்து அமெரிக்க மேடையில் அது வழக்கம் என்பது உண்மைதான், அதனால் அது சரியாகிவிடாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையோடு உட்கார்ந்து இதைப் பேசலாம், பேசவும் வேண்டும். சின்னவர்களுக்கு எதைப் போடுவது என்று முன்கூட்டி நீங்கள் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். கறுப்பு வெள்ளையை மொத்தமாகப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

எப்போது இதுவே சரியான தேர்வு? மொட்டைமாடிக்கு. காரணம் கீழே.

## 1935 முதல் 1953 வரை: வண்ண மிக்கி

'தி பேண்ட் கான்சர்ட்' 1935-இல் வந்தது. திரையரங்குக்கு வந்த முதல் வண்ண மிக்கி படம். மிக்கி வாத்தியக் குழுவை நடத்துகிறான். நடுவில் டொனால்ட் என்ற வாத்து புல்லாங்குழலோடு வந்து வேறொரு மெட்டை வாசித்துக் குழப்புகிறான். ஒரு குழலை உடைத்தால் அடுத்த குழல் வருகிறது. கடைசியில் சூறாவளி அடித்து எல்லோரையும் வானத்தில் தூக்கிச் சுழற்றும்போதும் மிக்கி கோலை விடுவதில்லை, கச்சேரி நிற்பதில்லை. டொனால்டைத் தவிர யாரும் பேசுவதே இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்த படம் இது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் கூடுதல் சுவை உண்டு.

ஆனால் இந்தக் காலத்தில்தான் மிக்கி மாறுகிறான். புகழ் ஏற ஏற, குழந்தைகளுக்கு முன்மாதிரியாக இருக்கிற எலி இப்படியெல்லாம் செய்யலாமா என்று பெற்றோரிடமிருந்து புகார்கள் வர ஆரம்பித்தன. குறும்பைக் குறைத்தார்கள். 1934-இல் அறிமுகமான டொனால்ட் கோபத்தை எடுத்துக்கொண்டான், கூஃபி அசட்டுத்தனத்தை எடுத்துக்கொண்டான், மிக்கி நல்ல பிள்ளையாகி நடுவில் நின்றான். 1939-இல் 'தி பாயின்டர்' படத்துக்காக ஃப்ரெட் மூர் அவன் கண்ணையும் மாற்றினார், வெள்ளை விழியும் கருமணியும் வந்தது. நாம் பென்சில் பெட்டியிலும் பள்ளிப்பையிலும் பார்த்த முகம் இந்த முகம்தான்.

இந்தத் தொகுப்பில் என் தேர்வு 1935 முதல் 1938 வரையிலான படங்கள். 'க்ளாக் க்ளீனர்ஸ்', 'மிக்கீஸ் டிரெய்லர்', 'த்ரூ தி மிரர்' மூன்றும் எந்த வயதுக்கும் ஓடும். ஓவியத்தின் தரத்தில் இன்றுவரை இவற்றை மிஞ்சியது குறைவு. 'க்ளாக் க்ளீனர்ஸ்' படத்தில் தலை கிறுகிறுத்துப் போன கூஃபி மணிக்கூண்டின் விளிம்பில் தள்ளாடி நடக்கும் இடத்தில் ஒன்பது வயதுப் பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான். 1940-களுக்குப் பிந்தையவற்றில் மிக்கியைவிட அவன் நாய் புளூட்டோவுக்குத்தான் வேலை அதிகம். அவற்றைத் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம்.

## மிக்கி மவுஸ் கிளப்ஹவுஸ்

2006 முதல் 2016 வரை வந்த கணினி வரைகலைத் தொடர். மிக்கி உங்கள் குழந்தையைப் பார்த்துக் கேள்வி கேட்பான், பதிலுக்குக் காத்திருப்பான், எண்ணச் சொல்வான். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரைக்கும் நல்ல துணை. பெரியவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பயமில்லை.

இதற்கு மேல் இதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு அத்தியாயம் 20 நிமிடத்துக்கு மேல் ஓடும், அண்ணன்காரன் ஐந்தாவது நிமிடத்தில் போனைக் கேட்பான். அதுதான் இதன் மறைமுகச் செலவு.

## 2013 முதல் 2019 வரை: புதிய குறும்படங்கள்

சண்டை இங்கேதான். பால் ருடிஷ் தலைமையில் வந்த இந்தத் தொடரில் 90-க்கும் மேற்பட்ட குறும்படங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கருமணிக்குப் பதில் பழையபடி ஓரத்தில் வெட்டிய கறுப்புக் கண், சிவப்புக் கால்சட்டை, ரப்பர் மாதிரி வளையும் கை கால். 1920-களின் மிக்கியை எடுத்துவந்து இன்றைய ஊர்களில் விட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் காட்டுவது 'குரோசான் த த்ரியோம்ஃப்'. பாரிஸில் மின்னியின் கஃபேயில் குரோசான் தீர்ந்துபோகிறது. மிக்கி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நெரிசலுக்குள் பறக்கிறான். பேச்சு முழுக்கப் பிரெஞ்சில், தமிழும் கிடையாது ஆங்கிலமும் கிடையாது. முத்தியால்பேட்டையில் ஒரு சொல்தா தாத்தா வீட்டில் இதைப் போட்டபோது, பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அந்தத் தாத்தா ஒவ்வொரு வரியையும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். பேத்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தாத்தா, நீங்க சொல்லாதீங்க, எங்களுக்கே புரியுது" என்றாள். தாத்தாவும் விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்கினார். என் முதல் அளவுகோலுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. மிஷன் வீதியில் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு மிக்கியின் அவசரம் கூடுதலாகவே புரியும்.

இப்படி ஒவ்வோர் ஊருக்கும் ஒரு படம் இருக்கிறது. 'மும்பை மேட்னஸ்'ஸில் மிக்கி ஆட்டோ ஓட்டுகிறான், சவாரிக்கு வருவது ஒரு யானை. பேச்சு இந்தி, நம் பிள்ளைகளுக்கு அதுவும் தடையாக இருப்பதில்லை. இத்தாலி, ஜப்பான், சீனா, துருக்கி, மெக்சிகோ என்று போகிறது. அந்தந்த ஊரின் மொழியை மாற்றாமல் விட்டு, படத்தை மட்டும் நம்பி எடுத்த துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இசையமைப்பாளர் கிறிஸ்டோஃபர் வில்லிஸ் ஊருக்கு ஊர் வேறு பாணியில் இசை தருகிறார். தொடர் பல எம்மி விருதுகளை வாங்கியது.

இனி ரசிகர்களின் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். குரல் சரியில்லை என்பது முதல் குறை. இங்கே மிக்கிக்குப் பேசுவது கிறிஸ் டயமன்டோபோலஸ். முப்பதாண்டுக்கு மேல் மிக்கியாகப் பேசி 2009-இல் மறைந்த வேய்ன் ஆல்வைனின் மென்மை இதில் இல்லை. நிஜம்தான். இது வால்ட் டிஸ்னி ஆரம்பத்தில் பேசிய கீச்சுக் குரலின் பக்கம் சாய்கிறது. கூஃபியின் தோற்றம் அலங்கோலமாக இருக்கிறது என்பது இரண்டாவது குறை. இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். சில படங்களில் அருவருப்பு நகைச்சுவை எல்லை மீறுகிறது, சாப்பிடும் நேரத்தில் பார்க்க முடியாது.

மிக்கி பதறுகிறான், பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறான், நல்ல பிள்ளையாக இல்லை என்கிற மூன்றாவது குறையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பூனை வாலை இழுத்துத் தாளம் போட்டவன் அவன். அப்புறம், இந்தத் தொடரில் மனசு இல்லை என்று சொல்கிறவர்கள் 'பொட்டேட்டோலேண்ட்' பார்க்கவில்லை. கூஃபிக்குச் சின்ன வயதிலிருந்து உருளைக்கிழங்கு பூங்கா ஒன்றுக்குப் போக ஆசை. அப்படி ஒரு இடமே கிடையாது என்று மிக்கிக்கும் டொனால்டுக்கும் தெரியவருகிறது. நண்பனிடம் அதைச் சொல்ல மனம் வராமல், உருளைக்கிழங்கை வைத்தே அந்தப் பூங்காவை அவர்களே கட்டுகிறார்கள். நான்கு நிமிடத்துக்குள் நட்பை இவ்வளவு சொன்ன படம் வேறு எனக்குத் தெரியாது.

மறைமுகச் செலவுகள்: யூடியூபில் டிஸ்னியின் சேனல்களிலேயே நிறையக் குறும்படங்கள் கிடைக்கின்றன, ஆனால் ஆட்டோபிளேயை அணைக்காவிட்டால் மூன்றாவது வீடியோ மிக்கி முகமூடி போட்ட ஏதோ ஒன்றாக இருக்கும். சின்ன நீளம் வரம், அதுவே ஆபத்தும்கூட. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பதற்கு முடிவிருக்காது. எத்தனை படம் என்பதைப் போடுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்த வேகம் அதிகம், 'கூல் ஃப்ரெண்ட்' (Ghoul Friend) மாதிரி பேய்ப் படங்களை அவர்களுக்குத் தவிர்க்கலாம்.

## 2020 முதல் 2023 வரை: தி வொண்டர்ஃபுல் வேர்ல்ட் ஆஃப் மிக்கி மவுஸ்

அதே குழு, அதே ஓவிய பாணி, நீளம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. கதைக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது, அருவருப்பும் குறைவு. 2013 தொடரைப் பிடிக்காத ரசிகர்களில் சிலர் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஓடிடி தளத்துக்கென்றே எடுத்தது, ஆகவே சந்தா வேண்டும். நம் நாட்டில் டிஸ்னியின் படங்கள் இப்போது ஜியோஹாட்ஸ்டாரில் வருகின்றன. பணம் கட்டும் முன் தேடிப் பாருங்கள், நீங்கள் விரும்பும் தொடர் அன்றைக்கு அங்கே இருக்கிறதா, எந்த மொழியில் இருக்கிறது என்று. மலிவான பிளான் என்றால் டிவியில் ஓடுமா, போனில் மட்டும்தானா என்பதையும் கவனியுங்கள்.

2023-இல் வந்த கடைசிப் படம் 'ஸ்டீம்போட் சில்லி'. பழைய படச்சுருளிலிருந்து கறுப்பு வெள்ளை மிக்கிகள் கூட்டமாக வெளியே வந்து ஊரையே ரகளை செய்கிறார்கள். இன்றைய மிக்கி திண்டாடுகிறான். என் வழக்குக்கு டிஸ்னியே எடுத்துக் கொடுத்த சாட்சி இது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கறுப்பு வெள்ளை | 1935–38 வண்ணம் | கிளப்ஹவுஸ் | 2013–19 | 2020–23 |
|---|---|---|---|---|---|
| பேச்சில்லாமல் புரியுமா | முழுக்க | பெரும்பாலும் | புரியாது | பெரும்பாலும் | ஓரளவு |
| பொருந்தும் வயது | பொறுக்கிப் போட்டால் எல்லோருக்கும் | எல்லோருக்கும் | 2–5 | 3-க்கு மேல் | 5-க்கு மேல் |
| பெரியவர் துணை | கட்டாயம் | ஆரம்பத்தில் | தேவையில்லை | ஆட்டோபிளேக்காக | தேவையில்லை |
| நீளம் | 6–8 நிமிடம் | 8–9 நிமிடம் | 20-க்கு மேல் | 4-க்குள் | சுமார் 7 |
| மறைமுகச் செலவு | முன்கூட்டிப் பார்க்கும் நேரம் | தேடும் சிரமம் | மூத்த பிள்ளையின் சலிப்பு | "இன்னும் ஒண்ணு" | சந்தா |

## யாருக்கு எது

லாஸ்பேட்டைத் தோழிக்கு: முதலில் 'தி பேண்ட் கான்சர்ட்', மாமியாருக்காக. அடுத்து 'குரோசான் த த்ரியோம்ஃப்', 'பொட்டேட்டோலேண்ட்'. கத்திரி வெயிலில் மின்சாரம் போகாமல் இருந்தால், தாங்க முடியாத வெயில் நாளில் மூன்று நண்பர்களும் குளிர்ச்சியைத் தேடி அலையும் 'ஸ்டேயின் கூல்'. மொத்தம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கிளப்ஹவுஸை அண்ணன் டியூஷன் போகும் நேரத்தில் தங்கைக்குத் தனியாகப் போடு.

முத்தியால்பேட்டைத் தம்பிகளுக்கு: வீட்டுக்கென்று வாங்கும் சந்தா தெருவுக்குத் திரையிட அனுமதி தருவதில்லை. நீங்கள் டிக்கெட் விற்காவிட்டாலும் அப்படித்தான். 'ஸ்டீம்போட் வில்லி' விஷயத்தில் அந்தக் கவலை இல்லை. அமெரிக்காவில் அதன் பதிப்புரிமை முடிந்து 2024 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்தாகிவிட்டது. இந்தியச் சட்டத்திலும் திரைப்படங்களுக்கான காலம் 60 ஆண்டுகள், அது எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் மிக்கியின் வணிகச் சின்ன உரிமை இன்னும் டிஸ்னியிடம்தான் இருக்கிறது. ஆகவே மிக்கி படம் போட்ட டி-ஷர்ட் அடித்து விற்கிற யோசனையைக் கைவிடுங்கள்.

உரிமையைத் தாண்டியும் மாடிக்குக் கறுப்பு வெள்ளைதான் தோது. சின்ன புரொஜெக்டரில் 2013 படங்களின் மங்கலான பின்னணி வண்ணங்கள் தெருவிளக்கு வெளிச்சத்தில் கரைந்துபோகும். கருப்புக் கோடும் வெள்ளை முகமும் வேட்டித் திரையில்கூட அழுத்தமாக நிற்கும். மே மாதத்தில் ஏழு மணிக்கு முன் தொடங்கினால் எதுவுமே தெரியாது. கடல்காற்று வேட்டியைத் தூக்கும், கீழ் விளிம்பை மடித்துத் தைத்து ஒரு மூங்கில் கழியைச் செருகிவிடுங்கள். ஒலிபெருக்கியைத் திரைக்குப் பின்னால் வையுங்கள், அந்தப் படம் ஓடுவதே தாளத்தில்தான்.

டிஸ்னி சேனல் காலத்து ரசிகர்களுக்கு: உங்கள் பிள்ளைக்குக் காட்டலாமா என்று முடிவெடுப்பதற்கு முன், ஒரே இரவில் 'ஸ்டீம்போட் வில்லி', 'பொட்டேட்டோலேண்ட்', 'ஸ்டீம்போட் சில்லி' மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். மொத்தம் இருபது நிமிடம் சொச்சம்தான். அதற்குப் பிறகும் புதியவன் பிடிக்கவில்லை என்றால் 1935–38 படங்களோடு நின்றுகொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அதில் குறைவொன்றும் வந்துவிடாது.